ஆளைப் பார்த்துப் புத்தகம் சொல்லுங்கள்

கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊரில் புதிதாக வாசகர் வட்டம் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "நாங்க படிச்சு சந்தோஷப்பட்ட புத்தகத்தை மத்தவங்களுக்கு எப்படிச் சொல்றது ஐயா?" என்று கேட்டார்கள். பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, இதையெல்லாம் எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதியிருக்கிறேன். எண் போட்டிருப்பது தேடி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். முதலாவதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாக வரும்.

1. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

"நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டதும் நமக்கு மிகப் பிடித்த பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுங்கள். கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது? பாதியில் மூடி வைத்தது எது? எந்த இடத்தில் மூடினீர்கள்? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் ஆள் தெரிவார். "பேரெல்லாம் குழம்பிப்போச்சு" என்கிறவருக்கு ஒரு புத்தகம், "படிக்கப் படிக்க மனசு தாங்கலை" என்கிறவருக்கு வேறொரு புத்தகம்.

எப்போது படிப்பார் என்பதையும் கேளுங்கள். வேலைக்குப் போக தினமும் அரை மணி நேரம் பஸ்ஸில் உட்காருகிறவரிடம் அறுநூறு பக்க நாவலைக் கொடுத்தால் அது அவர் பைக்குள்ளேயே கிடக்கும். அவருக்கு அசோகமித்திரனின் 'புலிக் கலைஞன்' கதையைச் சொல்லுங்கள். சினிமா ஸ்டூடியோ அலுவலகம் ஒன்றுக்கு வேலை கேட்டு ஒரு மனிதர் வருகிறார். மெலிந்தவர், பசித்தவர். புலி வேஷம் போடுவேன் என்கிறார். மேஜை நாற்காலிகளுக்கு நடுவே அவர் புலியாக மாறுகிற அந்த ஒரு பக்கத்துக்காகவே பஸ்ஸில் ஜன்னலோர இடம் தேடலாம். இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவில் படிக்கிற அம்மாக்கள் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்து படிக்கிறவர்கள் உண்டு. கண் மங்கியதால் பெரிய எழுத்து வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் பெரியவர்களும் உண்டு. கூச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே பக்கத்தைப் புரட்டி எழுத்தின் அளவைக் காட்டிவிடுங்கள்.

2. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

இருபத்தைந்து பெயர் எழுதிய தாளோடு வீட்டுக்குப் போகிறவர் ஒன்றையும் படிக்க மாட்டார். ஒன்றைச் சொல்லுங்கள். அது எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நூலகத்தில் இருக்கிறதா, கடையில் கிடைக்குமா, என்னிடம் வாங்கிப் போகிறீர்களா என்று. கிடைக்காத புத்தகத்தின் பெருமையைக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு ஏக்கம்தான் மிஞ்சும்.

தமிழில் பட்டியல் என்றாலே க.நா. சுப்ரமண்யம் பெயரைச் சொல்வார்கள். பட்டியல் போடுகிறார் என்று அவர்மீது குறையும் சொன்னார்கள். ஆனால் அவர் 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பில் ஒவ்வொரு நூலாக எடுத்து, ஏன் படிக்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதினார். நட் ஹாம்சன், ஸெல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்ட் என்று தமக்குப் பிடித்தவர்களைத் தாமே மொழிபெயர்த்து நம் கையில் கொடுத்தார். 'நிலவள'மும் 'மதகுரு'வும் 'அன்பு வழி'யும் அப்படி வந்தவை. அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு பின்னால் இருந்தால் நீங்களும் பட்டியல் போடலாம்.

3. கதையைச் சொல்லாதீர்கள், ஓர் இடத்தைக் காட்டுங்கள்

ஆர்வத்தில் நாம் செய்யும் கெடுதல் இது. புத்தகம் பிடித்திருக்கிறது, சொல்லத் தொடங்குகிறோம், சொல்லச் சொல்ல முடிவு வரை வந்துவிடுகிறோம். கேட்கிறவருக்குப் புத்தகத்தைப் படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. பிறகு எதற்குப் படிக்கப் போகிறார்?

தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்லலாம்: "ரயிலில் ஒரு அப்பாவும் சின்னப் பையனும் போகிறார்கள். பையன் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். உரித்துத் தரட்டுமா என்றால் வேண்டாம் என்கிறான். எதிரே ஒரு சிறுமி இருக்கிறாள். அவளும் குழந்தைதான். கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்." இதோடு நிறுத்திவிடுங்கள். கதையின் பெயரையும் தொகுப்பின் பெயரையும் சொல்லுங்கள். அடுத்த வாரம் அவர் வந்து அந்தப் பழத்தைப் பற்றி உங்களிடம் பேசுவார்.

"அற்புதம்", "தலைசிறந்த படைப்பு", "கட்டாயம் படிக்கணும்" என்ற சொற்களால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. உங்களை நிறுத்திய ஓர் இடம் இருக்கும். அதன் பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதைச் சொல்லுங்கள். அப்படி ஓர் இடம் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் பிறருக்குச் சொல்லாமல் இருக்கலாம்.

4. அவர் வந்த பாதையை மதியுங்கள்

புதிதாக இலக்கியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலரிடம் ஒரு வேகம் வருகிறது. கல்கியா, சாண்டில்யனா, ரமணிசந்திரனா, ராஜேஷ்குமாரா என்று முகம் சுளிக்கிறார்கள். எதிரே இருப்பவர் அன்றோடு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். தமிழ்நாட்டில் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, வீட்டுக்கு வீடு மாற்றிப் படித்த தலைமுறை ஒன்று இருந்தது. 1950இல் 'கல்கி' இதழில் தொடங்கி 1954இல் முடிந்த 'பொன்னியின் செல்வன்' அப்படித்தான் பல வீடுகளின் பரணில் இருந்தது. அந்த பைண்டு வால்யூம்தான் எத்தனையோ பேருக்குப் படிக்கிற பழக்கத்தையே கொடுத்தது.

அவருக்கு அதில் எது பிடித்தது என்று பாருங்கள், அங்கிருந்து அடுத்த படியைக் காட்டுங்கள். பழைய காலமும் நெடும் பயணமும் பிடித்திருந்தால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' இருக்கிறது. தெலுங்கு தேசத்திலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் பயந்து புறப்பட்டுவந்த ஒரு கூட்டம் கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்குகிறது. அந்தப் பழங்கதையை ஒரு முதுகிழவி சொல்கிறாள். சுஜாதாவின் வேகம் பிடித்தவரிடம், சுஜாதாவே 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் எத்தனை கவிதைகளையும் புத்தகங்களையும் அறிமுகப்படுத்தினார் என்று சொல்லி அந்தக் கட்டுரைத் தொகுப்பைக் கொடுங்கள். தமக்குப் பிடித்தவரே கை காட்டும்போது நம்பிப் போவார்.

குடும்பக் கதைகளை விரும்பிப் படிக்கிற ஒரு பெண்மணிக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' சரியாக அமையும் என்பது என் அனுபவம். குழாயில் தண்ணீர் வராத சென்னைத் தெரு, குடமும் கையுமாக அலைகிற பெண்கள், அக்கா தங்கை சண்டை, எதிர்வீட்டு டீச்சர் சொல்லும் நாலு வார்த்தை. இவை அந்தப் பெண்மணிக்கு நம்மைவிட நன்றாகப் புரியும்.

5. முன்னாலேயே சொல்லிவிட வேண்டியவை

சில புத்தகங்களின் வாசலில் ஒரு தடை இருக்கும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் அவர் தம்மைத்தாமே குறைவாக நினைத்துக்கொண்டு மூடிவிடுவார். வட்டார வழக்கு ஒரு தடை. பூமணியின் 'பிறகு', 'வெக்கை' இரண்டும் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டுப் பேச்சு. தஞ்சாவூர்க்காரருக்கோ சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கோ முதல் சில பக்கங்கள் கல்லும் முள்ளும்தான். "முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படியுங்க, காதில் விழுந்தால் புரிந்துவிடும்" என்று சொல்லிக் கொடுங்கள். இது நூலகத்தில் பலரிடம் சொல்லிப் பலித்த வழி.

'வெக்கை'யைத் தழுவிய 'அசுரன்' படம் 2019இல் வந்தபிறகு அந்த நாவலைக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். அவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நாவல் கொலையில்தான் தொடங்குகிறது, ஆனால் அதற்கப்புறம் தகப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிற நாட்கள்தான் நாவல். அவர்கள் என்ன சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், மகனைத் தகப்பன் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று மெல்லப் போகும். படத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மெல்லப் போகும் என்று தெரிந்து போகிறவர் அந்தத் தகப்பனை மறக்க மாட்டார்.

பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' போன்றவற்றைச் சொல்லும்போதும் சுற்றி வளைக்காதீர்கள். சாதி மனிதர்களை என்ன செய்கிறது என்பதைப் பட்டவர்கள் பக்கத்தில் நின்று சொல்லும் புத்தகங்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். படிக்கிறவர் எந்தச் சாதி என்று பார்த்துக் கொடுப்பதோ மறைப்பதோ வேண்டாம்.

6. துக்கத்தில் இருப்பவருக்கு

வீட்டில் சாவு விழுந்தவருக்கு உடனே புத்தகம் கொண்டுபோகாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்து கண்ணில் ஓடினாலும் மனதில் நிற்காத நாட்கள் அவை. அவராகக் கேட்கும் நாள் வரும்.

அப்போதும் துக்கத்தைப் பற்றிய புத்தகத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' வங்காளத்திலிருந்து த.நா. குமாரசாமி தமிழுக்குக் கொண்டுவந்த மகத்தான நாவல். நாடி பார்த்தே மரணம் வருவதை அறியும் ஒரு கிழ வைத்தியரின் கதை. என் வாழ்க்கையில் அதிகம் பேருக்குச் சொன்ன நாவல் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கு அதைக் கொடுக்கவே மாட்டேன். செவிலியர் வேலையில் இருக்கும் பெண்ணுக்கும், மருத்துவம் படித்து முடித்து முதன்முதலாக வார்டுக்குப் போகும் பையனுக்கும் தேடிப்போய்க் கொடுப்பேன். அதே புத்தகம், அதே பக்கங்கள். கொடுக்கிற நேரத்தில்தான் இருக்கிறது.

7. இரவல் கொடுக்கும் முறை

கோடு போட்ட பிரதியை இரவல் கொடுக்காதீர்கள். உங்கள் பென்சில் கோடு எங்கே நிற்கிறதோ அங்கே அவர் கண்ணும் நிற்கும். அவர் தானாகக் கண்டெடுக்க வேண்டிய வரி தப்பிப் போகும். அடிக்கடி சொல்லும் புத்தகம் என்றால் கொடுப்பதற்கென்றே இன்னொரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

மறுபதிப்பு வராத புத்தகத்தை வெளியே அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வரச்சொல்லிப் படிக்கக் கொடுங்கள், காபியும் கொடுங்கள். யாருக்கு எது போயிற்று என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இதில் கூச்சம் வேண்டாம். வாங்கிப்போனவர் எதிரிலேயே எழுதினால் அவருக்கும் நினைவில் நிற்கும்.

இப்போது கைபேசியில் பி.டி.எஃப். அனுப்புகிறார்கள். கல்கி போன்று நாட்டுடைமை ஆனவர்களின் எழுத்தைத் தாராளமாக அனுப்புங்கள். உயிரோடு இருந்து எழுதுகிற ஒருவருடைய புத்தகத்தைத் திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்த கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர். தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிற ஒவ்வொருவரும் அப்படிப்பட்டவர்களின் தோள் பாரத்தைக் கொஞ்சம் இறக்குகிறார்.

8. மூன்றாம் நாள் போய்க் கேட்காதீர்கள்

"படிச்சீங்களா? எப்படி இருக்கு?" என்ற கேள்வி இரண்டு முறை வந்தாலே படிப்பு வீட்டுப்பாடமாகிவிடும். காத்திருங்கள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் வாதாடாதீர்கள். "எந்த இடத்தில் ஓட்டம் நின்றது?" என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த புத்தகம் சொல்ல அது உதவும்.

9. யாருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று பாருங்கள்

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை வாசகர் வட்டம் நடத்துகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அவர் மறைந்த 1970ஆம் ஆண்டிலேயே சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை அது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார். குழந்தைகள் அவர்மேல் ஏறிக் குதித்து விளையாடும் அளவுக்குப் பிரியம். ஒருநாள் சிலருக்கு அன்பளிப்பு தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவரை அழைக்கிறான். அங்கே நடப்பதை நான் சொல்லப்போவதில்லை.

நம் கூட்டங்களிலும் சாரங்கன்கள் இருக்கிறார்கள். பேசுகிறவர்களும் கேள்வி கேட்கிறவர்களும் ஒருவருக்கொருவர் புத்தகம் மாற்றிக்கொள்வார்கள். கடைசி வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் எழுந்து போவார். கடையை அடைத்துவிட்டு நேரே வந்திருப்பார், அல்லது ஷிப்டு முடிந்து வந்திருப்பார். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை அவருக்கென்று ஒரு புத்தகம் எடுத்துவந்து, "இது உங்களுக்காகக் கொண்டுவந்தேன்" என்று கையில் கொடுங்கள். முதல் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பிறகு அவரிடமும் கேளுங்கள், "நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று. அவர் எதைச் சொன்னாலும் வாங்கிப் படியுங்கள். கரும்பு விவசாயம் பற்றிய புத்தகமாக இருக்கலாம், சித்தர் பாடலாக இருக்கலாம், துப்பறியும் நாவலாகவும் இருக்கலாம். முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

10. கூட்டம் நடத்தும்போது

ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பப் படித்து, நிறுத்தி, சுவைத்து, மறுபடி படிப்பார்களாம். பத்துப் பாட்டை ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரமே இல்லை. அந்த வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு சிறுகதை போதும். யாராவது ஒருவர் முழுசாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். படிக்காமல் வந்தவரும் அந்த நிமிடம் எல்லோரோடும் சமமாக உட்கார்ந்திருப்பார். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, நன்றியுரை ஒன்றும் வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு பிரதி வாங்கி நூலகத்துக்குக் கொடுங்கள்.

11. நூலகத்தின் படியேறுங்கள்

1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அதே ஆண்டுதான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் புத்தகமாக வந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் இருக்கிறது, நூல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வாசகர் இருக்கிறார் என்பது அவற்றுள் இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்துவைக்கிற வேலையை வண்டி மாட்டைக் கட்டிக்கொண்டும் செய்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் புத்தகம் உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். நாலு பேர் தனித்தனியாகக் கேட்டால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

12. பேர் போகாத புத்தகம் ஒன்றைத் தூக்கிப் பிடியுங்கள்

எல்லோரும் சொல்கிற புத்தகத்தை நீங்களும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் ஒன்றையாவது நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதாகத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தபோது பெரிதாகக் கவனிப்பாரில்லை. படித்த சிலர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்டவர்கள் தேடினார்கள், தேடியவர்கள் மறுபடி சொன்னார்கள். அவர் 1997இல் காலமானார். தமிழின் மிகச்சிறந்த நாவல்களைச் சொல்லும்போது இன்று அந்த நாவலை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அது எளிய புத்தகமும் இல்லை. ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்கும். மலாய்ச் சொல், டச்சுத் தெருப் பெயர், செட்டிநாட்டுக் கடைப் பேச்சு, தமிழ்ப் புலவர்களைப் பற்றிய வாக்குவாதம் எல்லாம் கலந்து வரும். இப்படிப்பட்ட ஒன்றை ஒருவருக்குச் சொன்னால் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்களும் உங்கள் பிரதியை எடுத்து அன்றே மறுபடி தொடங்குங்கள். தினம் இத்தனை பக்கம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சுமத்ரா, மலேயா வரைபடம் ஒன்றைப் புத்தகத்துக்குள் மடித்து வையுங்கள். சாயந்திரம் பார்க்கும்போது, கதாநாயகன் பாண்டியன் இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.